கொல்லாந்தோப்பில் வரத்துப் பாட்டு

என் தங்கச்சி இசக்கிசெல்வியை நான் அந்தக் கொல்லாந்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதே, அவள் மேல் சாமி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இதைச் சொன்னபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளை சிரித்துவிட்டது. சிரிக்கட்டும். வேறு யாராவது சொல்லி நான் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பேன்.

நான் வில்லுப்பாட்டுக்காரி. பெயர் முத்துப்பேச்சி, ஊர் ஆறுமுகநேரி. இந்தப் பக்கத்தில் எந்த இசக்கியம்மன் கோயிலில் கொடைத் திருவிழா நடந்தாலும், நடுவில் வில்லை வைத்து உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். கதை பாடிக்கொண்டே போய், சாமியைப் பேர் சொல்லி அழைக்கிற இடம் ஒன்று வரும். அதற்கு வரத்து என்று பெயர். அந்த இடம் வந்ததும் யார் மேல் சாமி இறங்குமோ அவர்கள் எழுந்து ஆடுவார்கள். செல்விக்குச் சமைந்த வருஷத்திலிருந்தே அம்மன் வரும். கூட்டத்தில் எந்த மூலையில் இருந்தாலும் சரி, நான் வரத்தை எடுத்தால் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு என் வில்லுக்கு முன்னால் வந்து நிற்பாள். அக்கா பாட, தங்கச்சி ஆட என்று ஊரெல்லாம் எங்களுக்குப் பேச்சு.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நெஞ்சில் வால்வு மாற்றினார்கள். ஆடக் கூடாது, ஓடக் கூடாது, விழவே கூடாது என்றார் டாக்டர். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை, அதனால் எங்கேயாவது விழுந்து அடிபட்டால் ரத்தம் நிற்காது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். செல்வி காதில் வில்லுச் சத்தம் விழக் கூடாது. அவள் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகிறவர். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் வாசலில் நின்று, "மைனி, அவளப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான் இருக்கிறேன். அவளை ஆட வைப்பதும் நான் ஒருத்திதான். என் பிழைப்பு அப்படி.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருவிலேயே கொடை. சொந்தத் தெருக் கொடையில் நாலு வருஷமாக நான் பாடுவதில்லை, வெளியூர் வில்லுப்பாட்டுச் செட்டைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இந்தத் தடவை ஒலிபெருக்கியை எங்கள் வீட்டு முன்னால் இருக்கும் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். கதவை அடைத்தாலும் சத்தம் ஜன்னல் வழியாக வரத்தான் செய்யும். செல்வி வீட்டுக்காரரோ கடலில். அதே நாளில் எங்களுக்குக் காயாமொழிக்கு அந்தப் பக்கம் தேரிக்காட்டில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. சரி, இவளையும் வேனில் ஏற்றிவிடுவோம், கோயில் இல்லாத இடம், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன்.

செம்மணல் காடு. நடுவில் கொல்லாமரத் தோப்பு, முந்திரியைத்தான் நாங்கள் கொல்லா என்போம். அங்கே தூத்துக்குடிக்காரப் பெண் டயானா இரண்டு நாள் 'காட்டிசை விழா' வைத்திருந்தாள். படித்து முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறவள், நல்ல பிள்ளைதான். மரத்துக்கு மரம் மஞ்சள் பல்பு. கீழே பாய் விரித்து, மண் குவளையில் காப்பி குடித்துக்கொண்டு இருநூறு பேர் வரை இருந்தார்கள். சில பேர் கூடாரம் போட்டிருந்தார்கள். கொல்லாம்பழம் விழுந்து கிடந்து, தோப்பு முழுக்கப் புளித்த வாடை. கடல் காற்று மட்டும் வந்துகொண்டே இருந்தது.

டயானா மைக்கில், "அழிஞ்சு வர்ற ஒரு கலைய இப்ப பாக்கப் போறோம்" என்று எங்களைப் பற்றிச் சொன்னாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. சித்திரை பிறந்தால் ஆவணி முடிகிற வரை எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை சும்மா கிடையாது. என்னத்த அழிந்து வருகிறது? குடம் அடிக்கும் நேசக்குமார் என் முழங்கையைத் தொட்டு, "விடுங்கக்கா, அழிஞ்சிட்டுன்னு சொல்லாம வருதுன்னாவது சொல்லுதாவள்லா" என்றான். இந்த நேசக்குமார் நாசரேத்துக்காரன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குழு, வெள்ளிக்கிழமை எனக்குக் குடம். கேட்டால், ரெண்டும் வேற வேற டிப்பார்ட்மெண்டு என்பான்.

மேடைக்குப் போகும் முன்னால்தான் டயானா வந்தாள்.

"அக்கா, முன்னாடி பாடுன பேண்டு ரொம்ப நேரம் எடுத்துட்டாங்க. உங்களுக்குக் கொஞ்சந்தான் டைம் இருக்கு. முழுக் கதை வேண்டாம். வீடியோல பாத்தேன்லா, கடைசியில வேகமா வரும்லா, அத மட்டும் பாடுங்களேன்."

"எது, வரத்தா?"

"பேரு தெரியாதுக்கா. எல்லாரும் எந்திரிச்சு ஆடுவாங்கள்ல, அது. அப்புறம், சும்மா கேக்காம ஆடியன்ஸும் கூடப் பாடுற மாதிரி ஏதாவது சொல்லிக் கொடுங்க."

நான் யோசித்தேன். யோசிக்காமல் பாடினேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். இங்கே பீடம் இல்லை, விளக்கு இல்லை, மஞ்சள் இல்லை, மரிக்கொழுந்து இல்லை. பொங்கல் பானை இல்லை. சாமிக்கு வந்து நிற்க ஓர் இடம் வேண்டாமா? ரேடியோ நிலையத்தில் இதே வரத்தைக் கண்ணாடி அறைக்குள் பாடியிருக்கிறேன். ஒரு கொசு கூட ஆடவில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல், செல்வியைத் தோப்புக்குப் பின்னால் சமையல் கொட்டகையில் உட்கார வைத்தேன். என் கூடப் பாடும் ஜெயபிரியா தன் செல்லைக் கொடுத்து, ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டு, காதில் ஹெட்செட்டையும் மாட்டிவிட்டாள்.

"ஏளா, நான் வந்து கழத்துத வரைக்கும் இதக் கழத்தக் கூடாது" என்றேன்.

"சரிக்கா. சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாரியே சொல்லு" என்று செல்வி சிரித்தாள்.

சமையல்காரர்களும் பாட்டுக் கேட்கட்டும் என்று அந்தக் கொட்டகைக் கூரையிலேயே ஒரு ஸ்பீக்கரைக் கட்டியிருந்தார்கள். அதை நான் பார்க்கவில்லை.

மேடையில் உட்கார்ந்ததும் கூட்டத்துக்கு ஆமா போடச் சொல்லிக் கொடுத்தேன். வில்லுப்பாட்டில் நடுவில் இருக்கிறவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருக்கிறவர்கள் "ஆமா" என்று வாங்க வேண்டும். நல்லதைச் சொன்னாலும் ஆமா, கெட்டதைச் சொன்னாலும் ஆமா. அப்போதுதான் கதை நடக்கும். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்கள், மூன்றாவது தடவை தோப்பே அதிர்ந்தது. டயானாவுக்கு வாயெல்லாம் பல்.

வீசுகோலை எடுத்து நாணில் ஓர் அடி போட்டேன். வில்லில் கட்டியிருந்த மணியெல்லாம் குலுங்கியது. நேசக்குமார் குடத்தில் சேர்ந்தான். உள்ளதைச் சொல்கிறேன், பாட ஆரம்பித்தால் எனக்கு இடம் மறந்து போகும். காடு, பாய், காப்பிக் குவளை எல்லாம் போய்விட்டது. அம்மன் பிறந்த இடம், வளர்ந்த இடம், வெட்டுப்பட்ட இடம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, வாடி அம்மா, என் தாயே வாடி என்று அழைத்தேன். அழைப்பு ஏற ஏறக் குடமும் ஏறியது. கூட்டம் ஆமா ஆமா என்று வாங்கிக்கொண்டே இருந்தது.

கொல்லாமரங்களுக்கு இடையில் செல்வி வந்துகொண்டிருந்தாள்.

நடக்கவில்லை. குதிகாலை ஊன்றாமல் வருவாளே, அந்த வருகை. முடி அவிழ்ந்திருந்தது. ஹெட்செட் கழுத்தில் தொங்கியது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு மட்டும் வாயிலிருந்து அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தியிருக்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். டாக்டர் கேட்டார், டயானா கேட்டாள். அழைத்து வந்த சாமியைப் பாதியில் விடக் கூடாது. அதுவாக மலையேறுகிறேன் என்று சொல்லி இறங்கும் வரைக்கும் வில்லும் குடமும் ஓயக் கூடாது. ஒரு ஊரில் ஜெனரேட்டர் நின்று, இருட்டில் நாங்கள் பாட்டை விட்டுவிட்டோம். ஆடிக்கொண்டிருந்த மனுஷன் வெட்டிப் போட்ட மரமாக அப்படியே விழுந்தார், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். நிறுத்தினால் இவள் விழுவாள். விழுந்தால் ரத்தம் நிற்காது. பாடினால் ஆடுவாள். ஆடினால் நெஞ்சு தாங்காது. நான் என்ன செய்ய?

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. எல்லார் கையிலும் செல். அவளுக்கு வட்டம் விட்டு நின்றுகொண்டு தாளத்துக்குக் கை தட்டினார்கள். தட்டத் தட்ட அவள் வேகம் கூடியது. நான் டயானாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவள் சந்தோஷமாகத் தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கித் தட்டிக் காட்டினாள்.

பாட்டை விடாமல் சேதி சொல்ல எனக்கு ஒரு வழிதான் இருந்தது. அதே மெட்டில் பாடினேன். "கை தட்ட வேண்டாம், என் சாமிகளா, ஆடுறது எனக்குத் தங்கச்சி."

"ஆமா!" என்றது கூட்டம்.

"நெஞ்சில நோவு அவளுக்கு, வேகம் தாங்காது அவளுக்கு."

"ஆமா!"

மெட்டை விட்டுவிட்டு, மைக்கை வாயோடு வைத்துப் பேச்சாகவே கத்தினேன். "ஏ மக்கா, இது கதையில்ல! நெசமாத்தான் சொல்லுதேன். யாராவது வண்டிய எடுங்க! என் தங்கச்சி செத்துப் போயிருவா!"

"ஆமா!" என்று இருநூறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர். என் நடிப்பைப் பார்த்து அழுகிறாள்.

வாழ்க்கையில் நான் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை என்று அன்று செல்லில் எடுத்த வீடியோவின் கீழே எழுதியிருக்கிறார்களாம். என் தொண்டை கிழிந்தது அவர்களுக்குப் பாட்டு.

ஜெயபிரியாவுக்கு மட்டும் விளங்கியது. மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் சாமி சீக்கிரம் மலையேறும். கைத்தாளத்தைக் கீழே போட்டுவிட்டு, மேடையிலிருந்து குதித்து மஞ்சள் தேடிச் சமையல் கொட்டகைக்கு ஓடினாள். நேசக்குமாரால் எழுந்திருக்க முடியாது, குடம் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அவன் அடித்துக்கொண்டே, "இயேசப்பா, இயேசப்பா" என்று முனகுவது எனக்குக் கேட்டது. நான் பாட்டை மெதுவாக இறக்கப் பார்த்தேன். இரண்டு அடி இறக்கியதும் செல்வி மேடைமேல் ஏறி, வில்லுக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு இரைத்தது. உதடு நாவற்பழம் தின்றவள் போல் கறுத்திருந்தது.

"கொறைக்காத" என்றாள். அம்மன் வந்தால் அவளுக்கு வரும் கட்டைக் குரல்.

"தாயே, மலையேறும்மா. இந்த ஒடம்பு தாங்காதும்மா."

"நாலு வருசமா ஏன் கூப்பிடல?"

"அவளுக்கு நெஞ்சு சரியில்லம்மா. ஒனக்குத் தெரியாததா?"

"எவளுக்கு?"

கேட்டது சாமியா, என் கூடப் பிறந்தவளா என்று தெரியவில்லை. எத்தனையோ கோயில்களில் எத்தனையோ பேரிடம் இப்படி நின்று பேசியிருக்கிறேன், ஒரு நாளும் எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததில்லை.

"பூட்டிப் பூட்டி வச்சிருக்கிய" என்றாள். "பாடு."

பாடினேன். அழுதுகொண்டே பாடினேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. அவள் வில்லுக்கு முன்னால் சுற்றிச் சுற்றி ஆடினாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பயத்தில் என் உயிர் போய்க்கொண்டிருந்தது, அவள் முகத்தில் மட்டும் அவ்வளவு நிறைவு.

ஜெயபிரியா சாம்பாருக்கு வைத்திருந்த மஞ்சள்தூள் பாக்கெட்டோடு ஓடி வந்தாள். தண்ணீர் பாட்டிலில் அதைக் கொட்டிக் குலுக்கி நீட்டினாள். செல்வி வாங்கித் தலை வழியே ஊற்றிக்கொண்டாள். கண்ணை மூடி, "மலையேறுதேன்" என்றாள். நான் முடிப்புக்கு வாழி பாடத் தொடங்கும் முன்னாலேயே சாய்ந்துவிட்டாள். நேசக்குமார் குடத்தைத் தாண்டிப் பாய்ந்து பிடித்தான். தலை தரையில் படவில்லை, அது ஒன்றுதான் தப்பியது. கூட்டம் விசில் அடித்தது.

பிறகுதான் டயானாவுக்கு உறைத்தது. பாவம், அந்தப் பிள்ளை ஓடிப் போய் ஒரு ஜீப்பைக் கொண்டுவந்தது. செல்வியை அதில் ஏற்றினோம். தேரி மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கை தட்டியவர்களே வந்து தள்ளினார்கள். தள்ளும்போது ஒருத்தன் என்னிடம், "மேடம், அது நெசமாவா?" என்று கேட்டான். நான் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

திருச்செந்தூரில் பார்த்துவிட்டு, உடனே தூத்துக்குடிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பிழைத்துவிட்டாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படி ஆனா என்கிட்ட கொண்டு வராதீங்க, பிரயோஜனம் இருக்காது" என்றார். படித்த மனுஷன், கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார்.

வார்டுக்கு மாற்றிய அன்று போனேன். செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஜெயபிரியாவின் செல்லில் அந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து போட்டாள். நான் பிடுங்கப் போனேன். கொடுக்கவில்லை.

"ஏளா, ஒனக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கா? ஒன் மாப்ள வந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"அக்கா, இந்த வால்வு வச்சதுலேர்ந்து உள்ள டிக் டிக்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். படுத்தாக் கேக்கும், சோறு திங்கையில கேக்கும். யார்ட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு நீ பாடையில அது கேக்கல."

நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"மேலத்தெரு கொடைக் கமிட்டிக்காரங்க காலையில வந்தாங்க" என்றாள். "வீடியோ பாத்துருக்காங்க. நான் வந்து நிக்கணுமாம். சரின்னுட்டேன்."

"செருப்பால அடிப்பேன். நான் பாட மாட்டேன். ஒன் மாப்ளகிட்டச் சொல்லுதேன். கால ஒடிச்சுப் போடுதேன்."

"நீ பாடாட்டி வேற செட்டக் கூப்பிடுவாங்க. எந்த வில்லு அடிச்சாலும் எனக்கு வரத்தான் செய்யும்." செல்லை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "வேற செட்டுக்காரங்களுக்கு எனக்கு நெஞ்சு சரியில்லன்னு தெரியாது. இழுத்துக்கிட்டே போவாங்க. நீன்னா எங்க எறக்கணும்னு ஒனக்குத் தெரியும். நேசக்குமார் அண்ணன் பிடிச்சுக்கிடுவாரு. நீ பாடு அக்கா."

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. காலில் விழுந்து கெஞ்ச வேண்டும் போலவும் இருந்தது. எதைச் செய்தாலும் அவள் போகத்தான் போகிறாள், அது எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இல்லாத இடத்தில் விழுவாளா, இருக்கிற இடத்தில் விழுவாளா என்பது மட்டும்தான் பாக்கி.

மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

"என்னைக்குக் கொடை?" என்று கேட்டேன்.